புறாக்காரன் சாட்சி

நகராட்சி மிருகக்காட்சிசாலை, மினியத் ஸாபிர்
22 ஏப்ரல் 1987, புதன்

அஸ்மி அண்ணனுக்கு,

காட்டு மிருகம் ஒன்று கூண்டை விட்டு ஓடிவிட்டால் ஊர் பயப்பட வேண்டும். இந்த ஊர் ஏன் சந்தோஷப்படுகிறது? இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

நடந்ததைக் காப்பிக்கடையில் பதினான்கு விதமாகக் கேட்டிருப்பீர்கள். இது பதினைந்தாவது. திங்கட்கிழமை வசந்தப் பண்டிகை. வழக்கம்போல் ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது. புல்வெளியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பம், கூண்டுகளுக்குப் பின்னால் பணியாளர்கள் நடக்கும் சந்தில் பாயை விரித்து, உப்புமீனையும் பச்சை வெங்காயத்தையும் பரப்பிக்கொண்டது. பயூமி மாமா அவர்களை விரட்டப் போனார். இருபத்தாறு வருடமாகப் பூனை இனங்களைப் பார்த்துக்கொள்கிற மனிதர். விரட்டப் போனவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு வாய் ஊட்டிவிட்டார்கள். அந்த நாளில் நீட்டிய கவளத்தை யார் மறுப்பார்கள்? அவர் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் வெங்காயமுமாக உட்கார்ந்திருந்தபோது, தாழ் போடாத கதவு அவர் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்கிறது. மீன் தட்டைத் தாண்டிக் குதித்து, ஒரு துண்டைக்கூடத் தொடாமல் போய்விட்டது என்று அந்தக் குடும்பம் சத்தியம் செய்கிறது.

சிங்கமோ சிறுத்தையோ அல்ல. பாலைவனக் காட்டுப்பூனை. மணல் நிறம், நடுத்தர நாயின் உயரம், காது நுனிகளில் கறுப்புக் குஞ்சம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சிப்பாய் அதைக் குட்டியாகத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தான். நான்தான் புட்டிப்பால் கொடுத்தேன். பதிவேட்டில் அதன் பெயர் எண் 41. செவ்வாய் காலைக்குள் ஊர் அதற்கு ஹானிம் என்று பெயர் வைத்துவிட்டது. சீமாட்டியாம்.

நேற்று மட்டும் 63 பேர் அதைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அது ரயில் நிலையத்திலும், பருத்தி ஆலையிலும், பெண்கள் பள்ளி மொட்டை மாடியிலும், கால்வாயின் இரு கரைகளிலும் இருந்திருக்கிறது. யார் மேலும் ஒரு கீறல் இல்லை. இன்று காலை எங்கள் வாசலில் வரிசை. ஆறு வருடமாக அந்தக் கூண்டின் முன்னால் நின்று பார்த்தவர்கள் குறைவு. பகலெல்லாம் தூங்கும் மிருகம். இன்று நானூறு பேர் சீட்டு வாங்கிக்கொண்டு காலிக் கூண்டைப் பார்க்கப் போனார்கள். மூட்டை தூக்கும் ஒருவரிடம், உள்ளே ஒன்றும் இல்லையே என்று சொன்னேன்.

“அதத்தான் டாக்டரம்மா பாக்க வந்திருக்கோம்” என்றார். பிறகு மகளைத் தோளில் ஏற்றிக் காட்டினார். “நல்லா பாத்துக்கோ கண்ணு. இங்கதான் இல்ல.”

வேடிக்கை அவ்வளவுதான். அடுத்த வாரம் ரமலான். நோன்பு திறந்தபின் ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்கிறார் மாவட்ட ஆளுநர். திங்கள் மாலைக்குள் நாங்கள் உயிரோடு பிடிக்க வேண்டும். இல்லையென்றால் செவ்வாய் காலை எட்டு மணியிலிருந்து, கண்ட இடத்தில் சுடுவார்கள். அந்த உத்தரவைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.

இந்த இனம் பறக்கும் பறவையைக் காற்றில் எம்பிப் பிடிக்கும். ஆகவே புறா வளர்ப்பவர்கள் எல்லோரும் கூடுகளை அடைத்து வைக்கும்படி சுற்றறிக்கை போகிறது. மற்றவர்களுக்குத் தட்டச்சுப் பிரதி. உங்களுக்குக் கையால் எழுதுகிறேன். அதற்கு வேறு காரணம் இல்லை, பிரதிகள் தீர்ந்துவிட்டன.

உங்கள் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரர் ஹின்னாவி என் கோட்டுகளை எடுக்க வருவார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் தேவையில்லை.

இன்ஷிராஹ்


23 ஏப்ரல், வியாழன்

துணை இயக்குநர் டாக்டர் இன்ஷிராஹ் அவர்களுக்கு,

இரண்டு வருடம் ஒரு மாதம். நல்லது கெட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. இப்போது ஒரு சுற்றறிக்கை. அதுவும் தட்டச்சுப் பிரதி தீர்ந்துபோனதால்.

பதில் தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சீமாட்டியைப் பற்றிக் கவலைப்படாதே, அவளுக்கு எங்கள் தெருவில் நிறைய வேலை. கசாப்புக்கடைக்காரன் போன மாதம் காணாமல் போன ஆட்டுத்தொடையையும் அவள் தலையில் கட்டிவிட்டான். தையற்காரன் கல்யாணச் சட்டையை நேரத்துக்குத் தரவில்லை. வழியில் ஹானிம் உட்கார்ந்திருந்தாளாம். எங்கள் ரயில் நிலையத்தில் 6.40 வண்டி தாமதம். நிலைய அதிகாரி கரும்பலகையில் “தண்டவாளத்தில் சீமாட்டி” என்று எழுதி வைத்தார். இருபது வருடமாகச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். தாமதமான வண்டிக்காக யாரும் என்னைத் திட்டாத நாள் அதுதான்.

உன் கேள்விக்கு எனக்கும் விடை தெரியாது. நஃபூஸாவிடம் கேட்டேன். உன் அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: “எங்கயாவது போயிடலாமான்னு நெனக்காத ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா? ஒருத்தி போயிட்டா. நல்லாருக்கட்டும்.”

இப்போது என் கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன், ஹின்னாவி வீட்டுச் சுவர் இடிந்த விசாரணையில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லத்தானே வந்தேன்? அந்த அதிகாரி என்ன கேட்டான்? “புறா விடுற ஆளாய்யா நீ? அப்ப உன் சாட்சி எப்படிச் செல்லும்?” கூடமே சிரித்தது. புறாக்காரன் என்றால் பொய்யன் என்பது ஊர்ப் பேச்சு; எனக்கு அது பழக்கம். அடுத்தவன் புறா என் கூட்டத்தோடு இறங்கினால் அது எனக்கு; கேட்டால் கண்ணில் படவே இல்லை என்பேன். ஹின்னாவியும் அப்படித்தான். ஆட்டத்தின் முறை அது. ஆட்டத்துக்கு வெளியே நான் என்றைக்குப் பொய் சொன்னேன்? சரி, சிரிக்கட்டும் என்று திரும்பி உன்னைப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். நீ சிரித்து என் வாழ்நாளில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று அது.

அன்று வாசலில் நான் போட்ட ஆணை உனக்கு மறந்திருக்காது. நீ என் வீட்டுப் படியில் கால் வைத்தால் நஃபூஸா எனக்கு மனைவி இல்லை. கோபத்தில் வாயில் வந்துவிட்டது, வந்தது வந்ததுதான். அவள் இன்னும் என்னை விடவில்லை: “அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கிறதுக்கு என் குடும்பத்த ஏன் பணயம் வச்சீங்க?” மாடிப்படி கூட்டும்போதெல்லாம் கேட்கிறாள்.

என் புறாக்கூட்டை அடைப்பதா திறப்பதா என்று எனக்குத் தெரியும். திறந்தே வைத்திருக்கிறேன். அரசாங்கம் சொன்னால் வானத்தை மூடிவிட முடியுமா?

அஸ்மி


24 ஏப்ரல், வெள்ளி

அண்ணா,

கூட்டைத் திறந்து வைத்திருப்பது முட்டாள்தனம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று வரை 211 தகவல்கள். ஒவ்வொன்றையும் நேரம், இடம், வெளிச்சம், தூரம் என்று அட்டவணை போட்டுவிட்டேன். ஒன்றைக்கூட நம்ப முடியவில்லை. ஒரு அம்மாள் அதோடு பேசியதாகச் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் எங்களுக்குள்ள, டாக்டரம்மா.”

காலிக் கூண்டுக்கு இன்று ஆயிரத்து நூறு பேர். மிட்டாய்க்கடைக்காரர் இரண்டு காதும் குஞ்சமுமாக ரவைக் கேக் செய்து விற்கிறார். பயூமி மாமா கூண்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், தலை நிமிர்வதில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்று பதினேழு டீ குடித்திருக்கிறார். பதினெட்டாவதை வேண்டாம் என்றவர் என்னைப் பார்த்து, “அது பசி தாங்காதும்மா” என்றார்.

உங்கள் கேள்வி. சிரித்தது உண்மை. மறுக்கப் போவதில்லை. கூடம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஏன் என்று விளக்கத் தொடங்கி இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

இன்ஷிராஹ்


25 ஏப்ரல், சனி

இன்ஷிராஹ்,

இதை உட்கார்ந்து படி. படித்ததும் கிழித்துப் போடு.

அவள் என்னிடம் இருக்கிறாள். வியாழக்கிழமையிலிருந்து.

உனக்கு எழுதிய கடிதத்தை ஹின்னாவியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். உன் சுற்றறிக்கையால் ஊரில் ஒரு கூட்டமும் பறக்கவில்லை; வானம் முழுக்க என் இருபத்திரண்டு புறாக்கள் மட்டும். விசில் கொடுத்து இறக்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ மணல் மூட்டை கிடக்கிறது என்று நினைத்தேன். மூட்டை எழுந்தது.

எழுந்ததைத்தான் பார்த்தேன். ஓடியதைப் பார்க்கவில்லை. அடுத்து அவள் என் தலைக்கு மேலே இருந்தாள், இன்ஷிராஹ். தலைக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில், வானத்தில். உடம்பை வில்லாக வளைத்து இந்தக் கையால் ஒன்று, அந்தக் கையால் ஒன்று. இரண்டு புறாவோடு சத்தமே இல்லாமல் தரையில் வந்து நின்றாள். முப்பது வருடமாக அண்ணாந்து பார்த்தே என் கழுத்து தேய்ந்துவிட்டது. பருந்து பார்த்திருக்கிறேன், ராஜாளி பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. என் புறாவைப் பிடித்துவிட்டாளே என்று கத்தியிருக்க வேண்டும். நான் கை தட்டினேன். மடையன் மாதிரி மாடியில் தனியாக நின்று கை தட்டினேன்.

கூட்டின் அடியில் சோளம் வைக்கும் அறைக்குள் இரையோடு போனாள். கதவைச் சாத்தினேன். மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள், முதலாளி மாதிரி. நேற்று ஒன்று கொடுத்தேன், இன்று ஒன்று. மொத்தம் நாலு. முதல் இரண்டும் போன மாதம் என்னிடம் இறங்கிய ஹின்னாவியின் நீலப் புறாக்கள், அது உனக்குள் இருக்கட்டும். அடுத்த இரண்டும் என்னுடையவை.

போலீஸிடம் சொன்னால் செவ்வாய்வரை காத்திருக்க மாட்டார்கள். தெருவிடம் சொன்னால் கால் மணியில் ஐந்நூறு பேர் மாடியில் நிற்பார்கள். நஃபூஸாவுக்கும் உனக்கும்தான் தெரியும். பெட்டியோடு ஆளை அனுப்பு.

அஸ்மி


26 ஏப்ரல், ஞாயிறு காலை

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. இதுவரை வந்த 340 தகவல்களில் இதுதான் சிறந்தது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

நேற்று மட்டும் 19 பேர் தங்கள் புறாக்கூட்டில் அது இருப்பதாகச் சொன்னார்கள். பத்தொன்பது மாடியும் ஏறினோம். பதினேழில் தெருப்பூனை, ஒன்றில் கோழி, ஒன்றில் மாமனாருக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு மருமகன். நீங்களோ, ஒரு புறா காணாமல் போனால் மூன்று நாள் சாப்பிடாதவர். உங்கள் கண் முன்னால் நாலு புறா போய், நீங்கள் கை தட்டினீர்கள் என்றால் நான் எப்படி எடுத்துக்கொள்வது?

என் நிலைமையையும் கேளுங்கள். நான் பெட்டியோடு வாசலைத் தாண்டினால் நானூறு பேர் பின்னால் வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் போலீஸ் ஜீப். வேறு யார் போனாலும் பயனில்லை. என் கையிலிருந்தும் பயூமி மாமா கையிலிருந்தும்தான் அது இறைச்சி வாங்கும். அவர் இப்போது தனியாகப் போகும் நிலையில் இல்லை. இனிமேல் ஒரே ஓர் இடத்துக்குத்தான் என்னால் போக முடியும். அது தவறான இடமாக இருந்தால் வேறு எங்கோ அது சுடப்படும்.

பருத்தி ஆலைப் பொறியாளர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்திருக்கிறார். மூன்று நாளாகப் பஞ்சுக் கிடங்கின் பின்புறம், ஒரே நேரத்தில், அளவுகளோடு, வரைபடத்தோடு. படித்த மனிதர். அதையும் நான் ஒதுக்க முடியாது.

ஆகவே சான்று அனுப்புங்கள். கொஞ்சம் எச்சம், மூட்டைமேல் உதிர்ந்த முடி. மூடியுள்ள டப்பாவில். பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இன்ஷிராஹ்


26 ஏப்ரல், ஞாயிறு மாலை

டாக்டரம்மாவுக்கு,

கேட்டதை அனுப்பியிருக்கிறேன். அல்வா டப்பா. மேலே துணி கட்டியிருக்கிறது. வீட்டில் மூடியுள்ள டப்பா வேறு இல்லை. நஃபூஸா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “உங்க தங்கச்சிக்கு நீங்க பெருநாள் பலகாரம் அனுப்பினதில்ல. இத அனுப்புங்க, சந்தோஷப்படுவா.”

என்னையும் உன் அட்டவணையில் ஏற்றிவிட்டாயா? எத்தனையாவது எண்? மாமனாருக்குப் பயந்த மருமகனுக்கு முன்னாலா, பின்னாலா?

பொறியாளருக்கு அளவுகோல் இருக்கிறது. என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இன்று அவளுக்கு என் வெள்ளைப் பெட்டையைக் கொடுத்தேன். எட்டு வருடமாக என்னிடம் இருந்தது, எந்தக் கூட்டத்தோடும் போகாமல் என் விசிலுக்கே திரும்பி வந்தது. கிழடு, இனிமேல் பறக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே விட்டேன். அவள் தொடவில்லை. வயிறு நிறைந்திருந்ததோ என்னவோ. இரண்டும் ஒரே மூட்டையில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. கதவு இடுக்கில் ஒரு மணிநேரம் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு கண்ணீர் வந்தது. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ சான்று கேட்டாய், டப்பாவில் இருக்கிறது.

அஸ்மி


27 ஏப்ரல், திங்கள் பிற்பகல்

அண்ணா,

டப்பா வரவில்லை.

காலையில் ஹின்னாவி கோட்டுகளோடு வந்தார். கடிதத்தைக் கொடுத்தார். டப்பா எங்கே என்றேன். வேறு பக்கம் பார்த்தார்.

“டாக்டரம்மா, அது கெட்டுப்போச்சு.”

“எது?”

“உங்க அண்ணன் குடுத்த அல்வா. அப்படி ஒரு நாத்தம். பத்து வெள்ளச் சட்ட, நீதிபதியோட சட்ட, அதுக்கு நடுவுல அத வச்சுக்கிட்டு நான் சைக்கிள் மிதிக்கிறதா? பாலத்து மேல நின்னு கால்வாயில போட்டுட்டேன். அவருகிட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படும். கடையில புதுசா அர கிலோ வாங்கியாந்திருக்கேன்.”

பிஸ்தா போட்ட அல்வா. மேசைமேல் இருக்கிறது. கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. அந்த ஆள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். மூன்று இப்போது நாலு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

சுடுவதற்கு இரண்டு பேர் மதியம் வந்து சேர்ந்துவிட்டார்கள். இளைஞர்கள். துப்பாக்கிப் பெட்டியை என் அறையில் வைத்துவிட்டு, முதல் வேலையாகக் காலிக் கூண்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான், கிடைக்காமலே போக வாய்ப்பு உண்டா என்று. ஊரில் யாருக்குமே அது சாவதில் விருப்பமில்லை. உத்தரவுக்கு மட்டும்தான் விருப்பம். ஆளுநர் அலுவலகத்துக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசினேன். காலை எட்டு மணி என்பது மாறாது.

ஆக, என் முன்னால் பொறியாளரின் இரண்டு பக்க அறிக்கையும் உங்கள் கடிதமும் அரை கிலோ அல்வாவும் இருக்கின்றன. சான்று எதுவும் இல்லை. பொறியாளர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் எல்லாமே பிழை. புறாக்காரன் கை தட்டுகிறான். காட்டுப்பூனை புறாவைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது. பொய் சொல்ல நினைத்தவன் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பான். மதியம் முழுக்க இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு, இது நான் தேடிக்கொண்டிருக்கும் சாக்கு என்று தெரிந்தது. உண்மை வேறு. நீங்கள் சொன்னீர்கள். நான் நம்புகிறேன். அதை இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தக் கூடத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும்.

நாளை காலை ஏழு மணிக்கு வருகிறேன். பயூமி மாமாவும் பெட்டியும் உங்கள் படி வழியாக வரட்டும். நான் அதில் கால் வைக்க மாட்டேன், அண்ணியிடம் சொல்லுங்கள். ஹின்னாவியின் மாடிக்கும் உங்கள் மாடிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி? சின்ன வயதில் நீங்கள் தாண்டுவீர்கள். நான் பயந்து நிற்பேன். ஒன்றரை மீட்டர் இருக்கும் என்று ஞாபகம். ஏதாவது பலகை வேண்டும். ஹின்னாவியை மறுபடி வரவழைத்துக் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு இந்தக் கடிதத்தை எடுத்துப் போகக் காத்திருக்கிறார்.

அதைப் பட்டினி போட்டு வையுங்கள். வெள்ளைப் பெட்டையை வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்ஷிராஹ்


28 ஏப்ரல், செவ்வாய் மாலை. அதே கடிதத்தின் பின்பக்கம்

நடந்ததை நீயே எழுது, என் சாட்சிதான் செல்லாதே என்று அண்ணன் இந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே நடந்தது நடந்தபடி.

ஹின்னாவி தன் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு நான் அவர் மாடிக்கு ஏறியபோது, சுற்றியிருந்த எல்லா மாடிகளிலும் ஆட்கள். பெண்கள், பிள்ளைகள், சவரக் கத்தியோடு ஒரு நாவிதர், பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர். நூற்றுக்கணக்கானவர்கள், ஒரு சத்தம் இல்லை. கைக்குழந்தையின் வாயில்கூட யாரோ ரொட்டியை வைத்திருந்தார்கள்.

பலகை என்று ஹின்னாவி கொண்டுவந்தது அவருடைய இஸ்திரி மேசையின் பலகை. துணி சுற்றியது, நடுவில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. எதிர் மாடியில் அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடம் ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “செருப்பக் கழட்டு.”

கழற்றினேன். நாற்பத்தொன்பது வயதில், மருந்து வைத்த இறைச்சிப் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, நான்கு காலில் தவழ்ந்தேன். மூன்று மாடி உயரம். நடுவில் நின்றுவிட்டேன். “கீழ பாக்காதீங்க டாக்டரம்மா, கீழ எங்க வீட்டுக்காரரு மட்டும்தான் நிக்கிறாரு, பாக்குற மாதிரி இல்ல” என்று யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். மாடி மாடியாக எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அந்தக் குலுக்கலில் மீதியைக் கடந்துவிட்டேன்.

சோள அறையில் அது இருந்தது. எண் 41. என்னைப் பார்த்துச் சீறியது. புட்டிப்பால் கொடுத்ததற்கெல்லாம் மரியாதை கிடையாது. பிறகு இறைச்சியை என் கையிலிருந்து வாங்கியது. வெள்ளைப் பெட்டையை அண்ணன் வெளியே எடுத்திருக்கவில்லை. நான் பார்க்க வேண்டுமாம். மூட்டையின் மறுமுனையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. இதை நான் என் கண்ணால் கண்டேன். விளக்கம் என்னிடம் இல்லை.

ஏழு நாற்பதுக்குத் தூங்கிவிட்டது. பெட்டியை அண்ணனும் பயூமி மாமாவும் படி வழியாக இறக்கினார்கள். நானும் பின்னாலேயே போகத் திரும்பினேன். அண்ணி இரண்டு கையையும் விரித்துப் படி வாசலை மறித்தாள்: “எறங்கினாலும் படி படிதாம்மா. வந்த வழியே போ.” பலகைமேல் திரும்பவும் தவழ்ந்தேன். இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை. குலவை கால்வாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

எட்டு மணிக்குப் போலீஸ் ஜீப் தெரு முனையில் நின்றது. ஊர்வலத்தில் நுழைய முடியவில்லை. துப்பாக்கி இளைஞர்கள் இறங்கி, பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். கூண்டின் தாழ்ப்பாளைப் பயூமி மாமா போட்டார். போட்டதை ஐந்து தடவை இழுத்துப் பார்த்தார். பருத்தி ஆலைக்கு ஆள் அனுப்பினேன். பஞ்சுக் கிடங்கின் பின்னால் இருந்தது ஆலையின் கொழுத்த கடுவன் பூனை. அளவுகள் சரியாக இருந்தன.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஊரில் எல்லாப் புறாக்கூடுகளையும் திறந்தார்கள். ஆறு நாள் அடைபட்டுக் கிடந்த கூட்டங்கள் ஒரே நேரத்தில் எழும்பின. எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹின்னாவி தன் நீலப் புறாக்களைப் பற்றி அண்ணனைக் கேட்டார். கண்ணில் படவே இல்லை என்றார் அண்ணன்.

ஆணை விஷயமாகப் பள்ளிவாசல் இமாமைப் பார்த்தார். மிரட்டுவதற்குச் சொன்னதுதானே, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்றாராம். முதல் நோன்பன்று போடுகிறார்கள். அன்றைக்குப் படி வழியாக வர எனக்கு அழைப்பு. அதுவரை இல்லை என்பதால், இதை ஹின்னாவியின் கடையில், திரும்பவும் மேசையாகிவிட்ட பலகைமேல் வைத்து எழுதுகிறேன். அண்ணன் என் தோளுக்கு மேலே நின்று ஒவ்வொரு வரியையும் படிக்கிறார். அல்வா தீர்ந்துவிட்டது.

ஆளுநருக்கு அனுப்பும் அறிக்கையில், மிருகம் உயிருடன் பிடிக்கப்பட்டதற்கு ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும். மாடியில் நின்ற அத்தனை பேரும் போட வந்தார்கள். பேனாவை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பெயரை எழுதி, அடியில் “ரயில் நிலையச் சீட்டு எழுத்தர்” என்று எழுதினார். போதாது என்றேன். என்னைப் பார்த்தார். மீதியை நானே எழுதினேன்.

சாட்சி: அஸ்மி. ரயில் நிலையச் சீட்டு எழுத்தர், புறா வளர்ப்பவர்.